இருமுனை வரிசை: பழையதை அழிக்காத ஒரு மரபின் வரலாறு

முன்புறமும் பின்புறமும் ஒரே எளிமையுடன் பொருளைச் சேர்க்கவும் எடுக்கவும் இடந்தரும் தரவமைப்பை இருமுனை வரிசை என்கிறோம். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் 'டெக்' என்னும் சொல்லை ஆக்கியவர் ஈ. ஜே. ஷ்வெப்பே என்று, 1968இல் வெளிவந்த தம் பெருநூலின் முதல் தொகுதியில் டொனால்ட் கனூத் குறிக்கிறார். சீட்டுக்கட்டைக் குறிக்கும் சொல்லைப் போலவே இதனையும் ஒலிக்க வேண்டும் என்பார் அவர். சீட்டுக்கட்டிலும் மேலிருந்தும் உருவலாம், கீழிருந்தும் உருவலாம் அல்லவா?

வழக்கமான நிரல்மொழிகளில் இது பெரிய காரியமன்று. இரு முனைகளையும் சுட்டும் குறிகளை வைத்துக்கொண்டு, வேண்டியபோது மாற்றி எழுதினால் போதும். ஆனால் சார்பு நிரலாக்கம் என்னும் மரபு ஒரு நோன்பை மேற்கொண்டது: ஒருமுறை ஆக்கிய மதிப்பை மாற்றலாகாது. மூன்றுடன் ஒன்றைக் கூட்டினால் நான்கு கிடைக்கிறது. அதனால் மூன்று அழிந்துபோவதில்லை. அதுபோலவே வரிசையில் ஒன்றைச் சேர்த்தால் புதிய வரிசை பிறக்க வேண்டும். பழையதும் பழுதின்றி இருக்க வேண்டும். இந்த நோன்புக்குக் கொடுக்க வேண்டிய விலை என்ன என்பதே இவ்வரலாற்றின் மையக் கேள்வி.

1958இல் எம்.ஐ.டி.யில் ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழியை வடிவமைக்கத் தொடங்கினார். அதன் அடிப்படை பட்டியல். ஒவ்வொரு கண்ணியும் ஒரு பொருளையும் அடுத்த கண்ணிக்குச் செல்லும் வழியையும் தாங்கி நிற்கும். தலைப்பில் ஒன்றைச் சேர்ப்பது ஒரே படி. பழைய பட்டியல் அப்படியே புதியதன் வாலாகிவிடும். கடைசியில் சேர்ப்பதோ கடினம். இறுதிக் கண்ணியைத் திருத்த முடியாதாகையால் எல்லாவற்றையும் படியெடுக்க வேண்டும். லிஸ்பில் இருந்த இடத்திலேயே திருத்தும் கட்டளைகளும் உண்டு. அவற்றை விலக்கியதே 'தூய லிஸ்ப்' எனப்பட்டது.

தூய லிஸ்பில் ஒருமுனையில் சேர்த்து மறுமுனையில் எடுக்கும் எளிய வரிசையை விரைவாக இயக்க முடியும் என்று 1981இல் ராபர்ட் ஹூட், ராபர்ட் மெல்வில் இருவரும் காட்டினர். 1982இல் வாரன் பர்ட்டன் இன்னும் எளிய வடிவமொன்றை எழுதினார். வரிசையை இரு பட்டியல்களாகப் பிரித்து, பின்பாதியைத் தலைகீழாக வைத்துக்கொள்வதே உத்தி. முன்பட்டியல் தீர்ந்ததும் பின்பட்டியலைத் திருப்பிப் போடலாம். திருப்புதல் செலவுதான், ஆயினும் ஒவ்வொரு பொருளும் ஒருமுறையே திருப்பப்படுவதால் சராசரியில் செலவு சிறிதாகிறது. ஹூட், மெல்வில் முறையில் திருப்பும் வேலையே சிறுசிறு பங்குகளாக ஒவ்வொரு செயலோடும் நடந்துவிடும்.

இருமுனை வரிசைக்கு இது போதாது. ஒரு பக்கம் தீர்ந்ததும் மறுபக்கம் முழுவதையும் திருப்பினால், அடுத்த கணமே அந்தப் பக்கத்திலிருந்து எடுக்கக் கேட்பார்கள். மீண்டும் திருப்ப வேண்டும். எனவே பாதியை மட்டும் திருப்பி, இரு பக்கமும் சமமாகப் பங்கிட வேண்டும். 1992இல் ராப் ஹூகர்வூர்ட் இவ்வழியைச் சீராக வகுத்தார்.

இங்கே ஒரு விரிசல் தெரிகிறது. பழைய வடிவம் அழியாமல் இருப்பதால், திருப்புவதற்குச் சற்று முன்னிருந்த வரிசைக்கே நூறு முறை திரும்பிச் செல்ல ஒருவருக்கு உரிமையுண்டு. அப்போது அந்தப் பெருஞ்செலவு நூறு முறை நேரும். சராசரிக் கணக்கு பொய்த்துப்போகும். எந்த நன்மைக்காக நோன்பிருந்தோமோ, அந்த நன்மையே கணக்கைக் கெடுக்கிறது.

1995இல் கிறிஸ் ஒகாசாகி இதற்கு எளிய விடை கண்டார். ஒரு பக்கம் மறுபக்கத்தைவிடக் குறித்த மடங்கு நீண்டதுமே, திருப்பும் வேலையை உடனே செய்யாமல், 'பின்னர் செய்வோம்' என்று எழுதிவைப்பது. செய்தபின் விடையை மறவாமல் வைத்திருப்பது. சோம்பல் மதிப்பீடு எனப்படும் இம்முறையில், ஒரே வேலையைப் பல வடிவங்கள் கேட்டாலும் அது ஒருமுறையே நடக்கும். 1998இல் நூலாகவும் வந்த அவர் ஆய்வு இத்துறையினர் பலருக்குப் பாடநூலாயிற்று.

ஹைம் காப்லன், ராபர்ட் டார்ஜன் இருவரும் சோம்பல் முறையின் துணையின்றியே, இரு வரிசைகளை ஒன்றாக இணைக்கும் செயல் உட்பட எல்லாவற்றையும் மாறாத சிறுசெலவில் முடிக்கலாம் என்று நிறுவினர். அவ்வாய்வின் முழு வடிவம் 1999இல் அச்சேறியது. 2006இல் ரால்ஃப் ஹின்ட்சே, ராஸ் பேட்டர்சன் ஆகியோர் 'விரல் மரம்' என்னும் அமைப்பை விளக்கினர். ஹாஸ்கெல் மொழியின் தொடர்வரிசை நூலகம் இன்றும் அதன்மீதே நிற்கிறது.

பழையதை அழிக்காதவன் மெதுவாகத்தான் நடக்க முடியும் என்பது எளிதில் எழும் எண்ணம். இருமுனை வரிசையைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் பொருந்தாது என்று இவர்கள் காட்டினர். திருத்தி எழுதும் உரிமையைத் துறந்தவர்கள், வேலையை எப்போது செய்வது, யாரோடு பகிர்வது என்று சிந்திக்க நேர்ந்தது. அச்சிந்தனையே அவர்களுக்கு வழியாயிற்று.