கடற்கொள்ளையர் ஜெயித்த தேர்தல்

2009ம் வருஷம் ஜெர்மனியில் நாடாளுமன்றத் தேர்தல். செப்டம்பர் 27ம் தேதி ஓட்டுப்பதிவு. ஜெயித்தது யார் என்று கேட்டால் ஏஞ்சலா மெர்க்கல் என்பீர்கள். சரிதான். ஆனால், ட்விட்டரில் ஜெயித்தது யார் தெரியுமா? கடற்கொள்ளையர் கட்சி!

சிரிக்காதீர்கள். நிஜமாகவே அப்படியொரு கட்சி உண்டு. 2006ல் பெர்லினில் தொடங்கினார்கள். இணையத்தில் தணிக்கை கூடாது, காப்புரிமைச் சட்டத்தைத் தளர்த்து. இதுதான் கொள்கை.

கதைக்கு வருவோம். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தேர்தலுக்கு முந்தைய வாரங்களில் எழுதப்பட்ட ஒரு லட்சத்துச் சொச்சம் ட்வீட்டுகளைத் திரட்டினார்கள். உட்கார்ந்து படிக்கவா முடியும்? கம்ப்யூட்டரிடம் விட்டார்கள். கோபம், கவலை, சந்தோஷம் என்று வார்த்தைகளை ரகம் பிரித்தது அது. கூடவே, நாடாளுமன்றத்திலிருந்த ஆறு கட்சிகளின் பெயர் எத்தனை முறை அடிபடுகிறது என்றும் எண்ணிச் சொன்னது.

அட, அந்த விகிதமும் ஓட்டு விகிதமும் கிட்டத்தட்ட ஒன்று! சராசரி வித்தியாசம் வெறும் 1.65 சதவீதப் புள்ளி. 2010ல் கட்டுரை வெளியானது. கருத்துக் கணிப்புகளையே நெருங்கும் துல்லியம் என்றார்கள்.

இரண்டே வருஷம். ஆந்த்ரியாஸ் யுங்ஹெரும் இரு சகாக்களும் ஒரு சின்னக் கேள்வி கேட்டார்கள். ஏன் ஆறு கட்சி மட்டும்? கடற்கொள்ளையரையும் சேர்த்து எண்ணிப் பார்த்தார்கள். 34.8 சதவீதத்துடன் அவர்களுக்கே முதலிடம். ஓட்டுப்பெட்டியில் கிடைத்ததோ 2 சதவீதம். போதாக்குறைக்கு, எண்ணும் தேதிகளைக் கொஞ்சம் நகர்த்தினால் விடையும் சேர்ந்து நகர்ந்தது.

கம்ப்யூட்டர் தப்பாக எண்ணவில்லை. எதை எண்ணுவது என்று தீர்மானித்த மனிதர்களிடம்தான் கோளாறு. கணினியே கதி என்று கிடந்த இளைஞர்கள் ஓயாமல் எழுதினார்கள். எழுதாத கோடிக்கணக்கானவர்கள் பேசாமல் போய் ஓட்டுப் போட்டார்கள்.

இது பழைய வியாதி. 1936ல் அமெரிக்காவின் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை ஒரு கோடிப் பேருக்குக் கருத்துக் கேட்டுச் சீட்டு அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. லாண்டன் ஜெயிப்பார் என்று அடித்துச் சொன்னது பத்திரிகை. 48 மாநிலங்களில் 46ஐ அள்ளிக்கொண்டு போனார் ரூஸ்வெல்ட்.

அடுத்த தேர்தலில், இணையமே இவர் பக்கம் என்று யாராவது கலர் கலராக வரைபடம் நீட்டினால், ஒன்று மட்டும் கேளுங்கள். பேசாதவர்களை எந்தக் கணக்கில் எழுதினீர்கள்?