சென்னை மரபிடங்களும் வானிலையும்

சென்னையின் மயிலாப்பூர், அடையாறு, தியாகராய நகர் ஆகிய பகுதிகளில் உள்ள மரபிடங்களுக்கும் பண்பாட்டு நிகழ்வுகளுக்கும் மக்கள் வருவது பெரிதும் பருவநிலையைச் சார்ந்ததாகும். நகரைச் சுற்றிப் பார்க்க ஏற்ற குளிர்ந்த காலத்தின் தொடக்கமும் புயல் காலத்தின் இறுதியும் டிசம்பரில் ஒன்றாக அமைவது இந்நகரின் தனித்தன்மை எனலாம்.

பருவங்கள்

சென்னையின் ஆண்டு மழையளவு ஏறத்தாழ 1,400 மி.மீ. ஆகும். இதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையாகப் பெய்கிறது. ஏப்ரல் முதல் சூன் வரை கடும் கோடை. 2003 மே மாத இறுதியில் நுங்கம்பாக்கத்தில் 45 பாகை செல்சியசு வெப்பம் பதிவானது. வெளிநாட்டுப் பயணிகள் பெரும்பாலும் குளிர்காலத்தில் வருகின்றனர். பள்ளி விடுமுறையைச் சார்ந்த உள்நாட்டுக் குடும்பங்களுக்கோ கோடையே பயணக் காலம்.

மயிலாப்பூர்

கபாலீசுவரர் கோயிலின் பங்குனிப் பெருவிழா மார்ச்சு-ஏப்ரல் மாதங்களில் நடைபெறுகிறது. இதன் எட்டாம் நாளான அறுபத்து மூவர் திருவிழாவில், பிற்பகல் வெயிலில் பெருங்கூட்டம் மாடவீதிகளில் திரள்கிறது. விழா நாள் பஞ்சாங்கப்படி அமைவதால் வெயிலைக் கருதி அதனை மாற்ற இயலாது. நீர்மோர், பானகம் வழங்கும் வழக்கமே இவ்விழாவின் பழைய வெப்பத் தடுப்பு முறையாகும்.

தைப்பூசத்தை ஒட்டிய தெப்பத் திருவிழா இதற்கு நேர்மாறானது. இனிய வானிலையில் நடந்தாலும், குளத்தில் நீர் இருப்பது முந்தைய பருவமழையைப் பொறுத்தது. மழை பொய்த்த ஆண்டுகளில் குளம் வறண்டதுண்டு. 2003 இல் தமிழ்நாடு அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது.

மார்கழி இசைவிழா

மயிலாப்பூர், தியாகராய நகர் சபாக்களில் டிசம்பர் நடுவில் இசைவிழா களைகட்டுகிறது. 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரசு மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டின் விளைவாக, 1928 இல் மியூசிக் அகாதமி தொடங்கப்பட்டது. 2017 இல் யுனெசுக்கோ சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரங்களுள் ஒன்றாக ஏற்றது.

இவ்விழாவுக்கு முந்தைய நாட்களே இடர் மிக்கவை. 2015 டிசம்பர் 1 அன்று பெய்த பெருமழையால் அடையாறு கரைபுரண்டது. விமான நிலையம் சில நாட்கள் மூடப்பட்டது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்சாம் புயலின் மழை நகரை மூழ்கடித்தது. வெளியூரிலிருந்து வருவோர் பயணச்சீட்டைப் பல வாரங்களுக்கு முன்பே எடுத்துவிடுவதால், இத்தகைய நிகழ்வுகளின் இழப்பை அவர்களே முதலில் சுமக்க நேர்கிறது.

அடையாறு ஆலமரம்

வானிலையால் மரபிடமே உருமாறியதற்கு அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தின் ஆலமரம் சிறந்த சான்று. ஏறத்தாழ 450 ஆண்டுகள் பழமையானதாகக் கருதப்படும் இம்மரத்தின் நிழலில் அன்னி பெசன்ட், ஜே. கிருஷ்ணமூர்த்தி ஆகியோர் உரையாற்றியுள்ளனர். 1989 இல் வீசிய பலத்த காற்றில் அதன் அடிமரம் சாய்ந்தது. இன்று காண்போர் பார்ப்பது விழுதுகளால் நிற்கும் மரத்தையே. மூல மரத்தைத் தேடி ஏமாறுவோரும் உண்டு. வர்தா புயலில் இவ்வளாகத்தின் வேறு பல மரங்களும் வீழ்ந்தன.

தியாகராய நகர்

1920களில் நீண்ட ஏரி எனப்பட்ட நீர்நிலையைத் தூர்த்து உருவாக்கப்பட்டதே தியாகராய நகர். முன்னாள் ஏரிப்படுகையில் மழைநீர் தேங்குவது வியப்பன்று. 2015, 2021 ஆகிய ஆண்டுகளில் இதன் தெருக்கள் நீரில் மூழ்கின.

காலநிலை மாற்றம்

ஒவ்வொரு பேரிடரையும் காலநிலை மாற்றத்தின் விளைவு என்று கூறுவது பொருந்தாது. 2015 பெருமழையை ஆராய்ந்த அறிவியலாளர் குழு ஒன்று, புவி வெப்பமடைதல் அம்மழைக்கான வாய்ப்பைக் கூட்டியதற்குச் சான்று கிடைக்கவில்லை என 2016 இல் தெரிவித்தது. ஏரிகளும் சதுப்பு நிலங்களும் ஆக்கிரமிக்கப்பட்டமை வெள்ளச் சேதத்தைப் பெருக்கியது. எனினும் புவி வெப்பம் உயர உயரக் கனமழை தீவிரமடையும் என்பது பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகளிடைக் குழுவின் 2021 அறிக்கைப்படி, 1901-2018 காலத்தில் உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்தது. கடற்கரையை ஒட்டிய சாந்தோம் பேராலயத்தின் இன்றைய கட்டடம் 1896 இல் கட்டி முடிக்கப்பட்டது. இவ்வுயர்வின் பெரும்பகுதி அதன் பின்னர் நிகழ்ந்ததே.