சார்லி ஹேடனின் கீழ்ஸ்தாயி

நான் பாஸ் கிட்டார் வாசிக்கிறவன். ‘தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்’ என்ற 1959ஆம் ஆண்டு இசைத்தட்டைக் கேட்கும்போது காது முதலில் பியானோவைத்தான் தேடும். அதில் பியானோ கிடையாது. ஆர்னெட் கோல்மனின் சாக்ஸபோன், டான் செரியின் கார்னெட், பில்லி ஹிக்கின்ஸின் டிரம்ஸ், அடியில் 21 வயது சார்லி ஹேடனின் டபுள் பாஸ். வழக்கமான ஜாஸில் எந்தக் கார்டுக்குப் பின் எது என்பது முன்பே முடிவாகியிருக்கும். பாஸ்காரர் அதை ஒட்டிப் போகலாம். கோல்மனோ அந்த வரிசையையே தூக்கிவிட்டார். அவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் காதால் பிடித்து, அந்த நொடியே அடிச்சுரம் கொடுக்க வேண்டும்.

ஹேடனுக்கு அந்தக் காது வீட்டில் கிடைத்தது என்றே நினைக்கிறேன். 1937இல் அயோவா மாநிலத்தின் ஷெனன்டோவாவில் பிறந்தவர். குடும்பமே வானொலியில் கிராமியப் பாடல்களும் கிறிஸ்தவப் பாடல்களும் பாடியது. இரண்டு வயது நிரம்புமுன் அவரும் சேர்ந்துகொண்டார். ஆளுக்கொரு சுரத்தில் சேர்ந்து பாடும்போது, மற்றவர் குரலைக் கேட்டபடியே தன் சுரத்தை விடாமல் பிடிக்க வேண்டும். 15 வயதில் போலியோ தொண்டையைத் தாக்கியதும் பாட்டு நின்றது. அண்ணன் ஜிம் பாஸ் வாசிப்பவர். தம்பியும் அதையே எடுத்தார்.

வேகத்தைக் காட்ட அவர் விரல்கள் ஓடியதில்லை. மேல் தந்திகள் இரண்டும் குடல் நரம்பு. உலோகத் தந்தியின் பளீரென்ற ஒலி அதில் இல்லை. மரத்தின் ஒலிதான் முன்னால் வரும். ஒரு சுரத்தை மீட்டிவிட்டு அது அடங்கும்வரை பொறுத்திருப்பார். இந்தப் பொறுமைதான் கஷ்டமானது.

ஹெராயின் அவரைச் சில ஆண்டுகள் விழுங்கியது, மீண்டு வந்தார். 1969இல் கார்லா ப்ளேயின் இசைக்கோப்பில் ‘லிபரேஷன் மியூசிக் ஆர்கெஸ்ட்ரா’வைப் பதிவு செய்தார். ஸ்பானிய உள்நாட்டுப் போர்ப் பாடல்களோடு, சே குவேராவுக்காக அவரே இயற்றிய ‘சாங் ஃபார் சே’யும் அதில் உண்டு.

1971 நவம்பரில் போர்ச்சுகலின் கஷ்காய்ஷ் நகரில் கோல்மன் குழுவின் கச்சேரி. நாடு சர்வாதிகாரத்தின் பிடியில் இருந்தது; ஆப்பிரிக்கக் காலனிகளில் போர். ‘சாங் ஃபார் சே’யை வாசிக்குமுன் மைக்கில், அங்கோலா, மொசாம்பிக், கினி-பிசாவு விடுதலை இயக்கங்களுக்கு அதைச் சமர்ப்பிப்பதாக அறிவித்தார் ஹேடன். அரங்கம் ஆர்ப்பரித்தது. மறுநாள் லிஸ்பன் விமான நிலையத்தில் ரகசியப் போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டுபோய் விசாரித்தது. அமெரிக்கத் தூதரகம் தலையிட்ட பிறகே விட்டார்கள். அப்போது அவர் வீட்டில் ஒரே பிரசவத்தில் பிறந்த மூன்று பெண் குழந்தைகள், வயது ஒரு மாதம் சொச்சம். தெரிந்தேதான் மைக்கைப் பிடித்திருக்கிறார்.

1982இல் கலிஃபோர்னியாவின் கால்ஆர்ட்ஸ் கல்லூரியில் ஜாஸ் படிப்பைத் தொடங்கிவைத்தார். அவரிடம் பாஸ்காரர்கள் மட்டும் படிக்கவில்லை. ஜான் கோல்ட்ரேனின் மகன் ரவி சாக்ஸபோனோடு போனார். ரால்ஃப் அலெஸ்ஸி டிரம்பெட்டோடு போனார். அடுத்தவர் வாசிப்பதைக் காது கொடுத்துக் கேட்பது எல்லா வாத்தியத்துக்கும் பொது. அதற்கு இவரைவிட நல்ல வாத்தியார் எனக்குத் தெரிந்து யாருமில்லை.