வெலிப்

வெலிப் என்பது பிரான்சின் தலைநகரான பாரிசில் இயங்கும் பொது மிதிவண்டிப் பகிர்வுத் திட்டம். உலகின் பெரிய மிதிவண்டிப் பகிர்வு அமைப்புகளுள் ஒன்று.

தொடக்கம்: லியோன் நகரில் 2005இல் தொடங்கிய வெலோவ் திட்டம் இதற்கு முன்னோடி. பாரிஸ் மேயர் பெர்த்ரான் தெலனோவே காலத்தில், 2007 ஜூலை 15 அன்று வெலிப் அறிமுகமானது. ஜேசிடெகோ என்ற விளம்பர நிறுவனம் அதை நடத்தியது. அதற்கு ஈடாக நகரின் விளம்பரப் பலகைகளைப் பயன்படுத்தும் உரிமையைப் பெற்றது.

செயல்முறை: பயனர் ஒரு நிலையத்தில் வண்டியை எடுத்து, வேறெந்த நிலையத்திலும் விடலாம். தொடக்கத்தில் ஒவ்வொரு பயணத்தின் முதல் 30 நிமிடங்களுக்குக் கட்டணம் இல்லை. அதன்பின் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். இதனால் வண்டிகள் ஒருவரிடமே தங்காமல் பலரிடம் கைமாறின. மேட்டுப் பகுதி நிலையங்களிலிருந்து வண்டியில் இறங்கி வருபவர்கள் பலர்; மேலேறிச் செல்பவர்கள் குறைவு. அதனால் அந்த நிலையங்கள் விரைவில் காலியாகும். அங்கு வண்டியைக் கொண்டு சேர்ப்போருக்குக் கூடுதல் இலவச நேரம் வழங்கப்பட்டது. மிதிவண்டிகளை லாரிகளில் ஏற்றி நிலையங்களுக்குப் பகிர்ந்தளிக்கும் பணியும் நடக்கிறது.

சிக்கல்களும் மாற்றமும்: திருட்டும் சேதமும் தொடக்க ஆண்டுகளிலேயே பெருஞ்செலவை உண்டாக்கின. 2018இல் ஜேசிடெகோவுக்குப் பதிலாக ஸ்மோவெங்கோ என்ற நிறுவனம் பொறுப்பேற்றபோது, புதிய நிலையங்களை அமைப்பதிலும் மின் இணைப்பிலும் ஏற்பட்ட தாமதத்தால் பல மாதங்கள் சேவை தடுமாறியது. புதிய அமைப்பில் பச்சை நிற வண்டிகள் சாதாரண வகை. நீல நிறத்தவை மின்சார உதவியுடன் ஓடுபவை. சேவை பாரிசைச் சுற்றியுள்ள நகராட்சிகளுக்கும் விரிந்தது.

முக்கியத்துவம்: ஒரு பெருநகரின் அன்றாடப் போக்குவரத்தில் பகிர்வு மிதிவண்டி நிலையான இடம் பெற முடியும் என்பதை வெலிப் மெய்ப்பித்தது. 2010இல் லண்டன் தொடங்கிய திட்டத்துக்கும் அது ஊக்கமளித்தது.