ஸ்டாண்டர்டு ஹெரால்டு: கழற்றிப் பூட்ட ஏற்ற மகிழுந்து

ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்பது சென்னையை அடுத்த வண்டலூர், பெருங்களத்தூர் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் தயாரித்த மகிழுந்தாகும். இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி வடிவமைத்து, 1959-இல் பிரித்தானியாவில் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டே இதன் மூலம்.

அக்காலத்தில் உடற்கூடும் அடிச்சட்டமும் ஒன்றான கார்கள் பெருகி வந்தன. ஆனால், அத்தகைய கூடுகளைச் செய்து தரக்கூடிய ஆலை போட்டி நிறுவனத்தின் கைக்குப் போனதால், ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனம் தனி அடிச்சட்ட முறையையே நாடியது. உடற்பகுதிகள் தனித்தனியே செய்யப்பட்டு போல்ட்டுகளால் இணைக்கப்பட்டன. பானெட் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்னோக்கிச் சாய்வதால், எஞ்சினைப் பக்கவாட்டிலிருந்தும் எளிதில் எட்டலாம்.

வேறு வழியின்றி எடுத்த இந்த முடிவே பின்னாளில் நன்மையாயிற்று. வீட்டுக் கொட்டகையிலேயே இவ்வண்டியைப் பகுதி பகுதியாகக் கழற்றிச் சீரமைக்க முடிகிறது. துருவே இதன் பெரும் பகை. அடிச்சட்டம் அரித்திருந்தால் மற்ற வேலைகள் பயன் தரா. 1968-இல் வந்த நான்கு கதவு மாதிரி இந்தியாவில் மட்டுமே தயாரானது. அதனால் அதன் கதவுகளை வெளிநாட்டு டிரையம்ப் வண்டிகளிலிருந்து பெற இயலாது.

சீரமைப்போர் சட்டத்தையும் கவனிக்க வேண்டும். 2021-இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்து, அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரும் மாற்றமின்றி மூல வடிவிலுள்ள வண்டிகளே பழம்பெரும் வாகனமாகப் பதிவு பெறும். புதிய எஞ்சினைப் பொருத்தினால் ஓட்டம் எளிதாகலாம். அத்தகுதி கைவிட்டுப் போகும்.

நிறுவனம் 1988-இல் மூடப்பட்டது. எஞ்சிய ஹெரால்டுகளைக் காத்துவருவோர் இன்று அவற்றின் உரிமையாளர்களும் உள்ளூர் மெக்கானிக்குகளுமே.