ஆம், இல்லை என்னும் இரு குறிகள்

வினாவுக்குரிய விடை எண்வகைப்படும் என்பது நன்னூலார் கொள்கை. அவற்றுள் ‘ஆம்’ எனும் நேர்விடையும் ‘இல்லை’ எனும் மறைவிடையும் சிறுவரும் அறிந்தவை. இவ்விரண்டையும் சொல்லாலன்றிக் குறியால் எழுதிக் காட்ட மேலைநாட்டார் மேற்கொண்ட முயற்சி, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளைத் தொடும் வரலாறுடையது. அது இன்று இணைய முகவரியின் கடைசிப் பகுதியில் வந்து நிற்கிறது.

இவ்வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பவர் இருவர். ஒருவர் அகஸ்டஸ் டிமார்கன். கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரியின் மகனாக 1806-இல் நம் மதுரையிலே பிறந்து, கைக்குழந்தையாகவே இங்கிலாந்து சேர்ந்து, பின்னர் இலண்டனில் கணிதப் பேராசிரியராய் விளங்கியவர். மற்றவர் லிங்கன் நகரில் செருப்புத் தைக்கும் தொழிலாளிக்கு மகனாக 1815-இல் பிறந்த ஜார்ஜ் பூல். கல்லூரிப் படிப்பு வாய்க்காத பூல், பத்தொன்பதாம் வயதிலேயே சொந்தமாகப் பள்ளி தொடங்கிக் குடும்பத்தைக் காத்த ஆசிரியர் ஆவார். இருவரும் 1847-இல் தத்தம் அளவை நூல்களை வெளியிட்டனர். மெய்யான கூற்றை 1 என்றும் பொய்யான கூற்றை 0 என்றும் எழுதலாம். அவ்வாறு எழுதினால் சிந்தனையையும் கணக்கைப் போலவே செய்து பார்க்கலாம் என்பது பூல் காட்டிய வழி. 1854-இல் வந்த அவருடைய பெருநூல் அதனை விரித்துரைத்தது.

அமெரிக்க அறிஞர் கிளாட் ஷானன், தம் 1937-ஆம் ஆண்டு ஆய்வேட்டில் இக்கணக்கை மின்சுற்றுக்குப் பொருத்தினார். ஈண்டு ஒரு செய்தி கருதத்தக்கது. மின்சாரம் தடையின்றி ஓடும் மூடிய சுற்றை 0 என்றும், தடைப்பட்டு நிற்கும் திறந்த சுற்றை 1 என்றும் அவர் எழுதினார். தடையையே அவர் அளந்தார் என்பதே காரணம். ஆகவே குறிக்கு இயல்பாய்ப் பொருளில்லை; எழுதுவோரும் படிப்போரும் செய்துகொள்ளும் உடன்பாடே அதற்குப் பொருள் தருகிறது.

அவ்வுடன்பாடு தளர்ந்தால் விளைவது யாது என்பதை இணையம் காட்டிற்று. இணைய முகவரியில் வினாக்குறியை அடுத்து, ‘படம்=ஆம்’ என்பது போலப் பெயரும் மதிப்பும் இணைந்து வரும். ஆனால் முகவரி முழுவதும் வெறும் எழுத்தே. அதில் எண்ணும் இல்லை, மெய்யும் பொய்யும் இல்லை. பொய் என்னும் பொருளுடைய ‘ஃபால்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லை ஒருவர் அங்கு எழுதி அனுப்புகிறார் என்க. 1995-இல் தோன்றிய ஜாவாஸ்கிரிப்ட் மொழியோ, வெற்றாக இல்லாத எழுத்துத் தொடர் எதனையும் மெய்யென்றே கொள்ளும். எனவே நிரல் எழுதுவோர் அச்சொல்லைத் தனியே ஒப்பிட்டுப் பாராவிடின், ‘பொய்’ என எழுதியது ‘மெய்’ என ஆகிவிடும்! எழுத்தாக வந்த 0-வையும் அம்மொழி மெய்யெனக் கொள்ளும். பிஎச்பி மொழியோ அதே 0-வைப் பொய்யெனக் கொள்ளும்.

இதனினும் நுட்பமான இடர் ஒன்றுண்டு. 1995 நவம்பரில் வெளியான எச்டிஎம்எல் இரண்டாம் பதிப்பின் விதிப்படி, படிவத்திலுள்ள கட்டத்தில் குறியிட்டால் அதன் பெயரும் மதிப்பும் செல்லும். குறியிடாவிட்டால் ஒன்றுமே செல்லாது. அப்படியாயின், மறுத்தவரும் அந்த வினாவையே காணாதவரும் பெறுவோர்க்கு ஒருவராகவே தோன்றுவர். மௌனம் நன்னூலாரின் எண்வகை விடையுள் ஒன்றன்று. இங்கோ அதுவே மறைவிடையாகி விடுகிறது. இதனைத் தவிர்க்க, நிரலாளர் சிலர் கட்டத்திற்கு முன்னே கண்ணுக்குத் தெரியாத புலம் ஒன்றை வைத்து, எப்போதும் 0 செல்லுமாறு செய்தனர். குறியிட்டால் அதன் பின்னே 1 சேர்ந்து செல்லும். பின்னது முன்னதை வெல்லும். 2001-இல் எக்ஸ்எம்எல் விதிநூல், ட்ரூ, ஃபால்ஸ், 1, 0 ஆகிய நான்கு வடிவங்களையன்றி வேறெதனையும் ஏலாதென வரையறுத்தது.

இது நிரலாளர்க்கு மட்டும் உரிய சிக்கலன்று. மாந்தர் உரிமையையும் தொடுவது. ‘மௌனம் சம்மதம்’ என்பது நம் பழமொழி. முன்கூட்டியே குறியிடப்பட்ட கட்டத்தை மாற்றாமல் விட்டவரைச் சம்மதித்தவராகக் கொள்ளும் வணிகமுறை, அப்பழமொழியையே பின்பற்றிற்று. 2019 அக்டோபர் முதல் நாளன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் அதனை மறுத்தது. ஒருவர் தாமே செயலால் தெரிவிப்பதே ஒப்புதல். பிறர் இட்ட குறி அவருடைய ஒப்புதலாகாது எனத் தீர்ப்பளித்தது.

இவ்வரலாறு உணர்த்துவது ஒன்றே. ‘ஆம்’ என்பதற்கு ஒரு குறி வேண்டும். ‘இல்லை’ என்பதற்கும் அதேபோல் ஒரு குறி வேண்டும். விடையே இன்மை மூன்றாவது நிலை. அதனை முன்னிரண்டில் ஒன்றாக வாசிப்பது, சொல்லாததைச் சொன்னதாகக் கொள்ளும் பிழையாகும்.