கோட்டைக்கு யார் பெயர்? பாஸ்-தேர் நகரமும் நம் பூந்தமல்லியும்

பூந்தமல்லியின் பெருமையைச் சொல்லச் சொன்னால் எல்லோரும் திருக்கச்சி நம்பியில் தொடங்குவார்கள். இங்கே பிறந்தவர், காஞ்சி வரதனுக்கு விசிறி வீசியவர், ராமானுஜரே குருவாக மதித்தவர். அவர் வைசியர் என்பதால், அவர் சாப்பிட்டு எழுந்த இடத்தை ராமானுஜரின் மனைவி கழுவித் தீட்டுப் போக்கிய கதையை வைணவர்களே சொல்கிறார்கள். அடுத்து வெள்ளைக்காரனின் கன்டோன்மென்ட், பூந்தமல்லி ஹை ரோடு. அத்தோடு ஊர் வரலாறு முடிந்துவிடும். வைசியருக்கே இந்தக் கழுவல் என்றால் சேரிக்கு என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை.

போன மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணா, நம்ம ஆளுங்க மலேயா, சிலோனுக்கு மட்டும்தான் கூலியா போனாங்களா?" இல்லை தம்பி. கரீபியன் கடலுக்கும் போனார்கள். அங்கே குவாதலூப் என்ற பிரெஞ்சுத் தீவின் தலைநகரைப் பற்றி, நாங்கள் படித்ததை வைத்து எழுதுகிறோம். அந்த ஊரின் கோட்டைக்கு ஒரு கதை இருக்கிறது. அது நமக்கு வேண்டிய கதை.

முதலில் இங்கிருந்து தொடங்குவோம். 1763-ல் ஆற்காட்டு நவாப் செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். கொடி மாறியது, மிராசு மாறவில்லை. நிலம் மிராசுதாரனுக்கு, உழைப்பு பண்ணையாளுக்கு. 1843-ன் ஐந்தாம் சட்டம் அடிமைமுறைக்கு இனிச் சட்டத்தின் ஆதரவு இல்லை என்றது. ஆனால் பறையருக்கு ஒரு குழி நிலம்கூடத் தரவில்லை. நிலமில்லாதவன் கடன் வாங்கினான், கடனுக்காக அதே ஆண்டையிடம் திரும்பிப் போனான். அரை நூற்றாண்டு கழித்து, 1891-ல் செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையில், பறையருக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை, எதிர்த்துப் பேசினால் குடிசையை விட்டே துரத்தலாம் என்ற நிலைதான் பதிவாகியிருக்கிறது.

இங்கே 1843 என்றால் பிரெஞ்சுத் தீவுகளில் 1848. அங்கே ஆப்பிரிக்க அடிமைகள் விடுதலை பெற்றார்கள். நஷ்ட ஈடு கிடைத்தது யாருக்குத் தெரியுமா? அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு. அடிமையாக இருந்தவனுக்கு ஒரு காசில்லை. விடுதலையானவர்கள் பழைய கூலிக்குக் கரும்பு வெட்ட மறுத்தபோது, அவர்களின் பேரம் பேசும் வலுவை உடைக்க முதலாளிகள் தேடிய ஆட்கள்தாம் தமிழர்கள். புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் பிரெஞ்சுக்காரனிடம் இருந்தன. ஆரேலி என்ற கப்பல் 1854 டிசம்பர் 24 அன்று முதல் கூட்டத்தைக் குவாதலூப்பில் இறக்கியது. 1861-ல் பிரிட்டனோடு ஒப்பந்தம் போட்டபின் பிரிட்டிஷ் இந்தியாவிலும் ஆள் பிடித்தார்கள். 1889 வரை சுமார் 42,000 பேர். வட இந்தியர்களும் உண்டு. தமிழர்களில் பல சாதியினரும் இருந்தார்கள், பறையர்களும் கணிசமாக இருந்தார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம், திரும்பக் கப்பல் உண்டு என்ற வாக்குறுதி. பெரும்பாலானோர் திரும்பவில்லை. கொடுமை தாங்காத அளவுக்குப் போனதால் பிரிட்டிஷ் அரசே 1888-ல் ஆள் அனுப்புவதை நிறுத்தியது.

பட்டாம்பூச்சி இறக்கை விரித்தது போல இருக்கும் தீவு அது. இடது இறக்கையின் தென்மேற்கு ஓரத்தில், மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிறது பாஸ்-தேர் நகரம். பெயரை நேராகப் பெயர்த்தால் 'தாழ்ந்த நிலம்'. ஆனால் தலைக்கு மேலே 1,467 மீட்டர் உயரத்தில் சூஃப்ரியேர் எரிமலை நிற்கிறது! தாழ்வு என்றது உயரத்தை அல்ல, காற்று படாத பக்கத்தை. கப்பல்காரன் வைத்த பெயர். கலினாகோ பழங்குடிகள் அந்தத் தீவைக் கருக்கேரா என்று அழைத்தார்கள். 1635-ல் வந்த பிரெஞ்சுக்காரர்கள் அவர்களை அழித்தார்கள், துரத்தினார்கள். 1976-ல் எரிமலை புகைந்தபோது 70,000-க்கும் மேற்பட்டோரை மாதக்கணக்கில் வெளியேற்றினார்கள். வியாபாரம் புவாந்த்-ஆ-பீத்ர் நகரத்துக்குப் போனது, முழுதாகத் திரும்பி வரவில்லை. இன்று பாஸ்-தேர் சுமார் பத்தாயிரம் பேர் வாழும் சிறிய ஊர்தான். ஆனால் அரசு அலுவலகமும் பேராலயமும் அங்கேதான், கோட்டையும் அங்கேதான்.

பிரெஞ்சுப் புரட்சி 1794-ல் அடிமைமுறையை ஒழித்தது. எட்டே ஆண்டில் நெப்போலியன் அதைத் திரும்பக் கொண்டுவரப் படை அனுப்பினான். தளபதி ரிஷ்பான்ஸ். எதிர்த்து நின்றவர் லூயி டெல்கிரேஸ், கலப்பினத்தவர், அதே பிரெஞ்சு ராணுவத்தில் அதிகாரி. 1802 மே 10 அன்று உலகத்தார் அனைவருக்கும் என்று விளித்து ஓர் அறிக்கை விட்டார். பாஸ்-தேர் கோட்டையில் இருந்து சண்டை போட்டார். கோட்டை தாங்காது என்றானபோது ஆட்களோடு மலையேறி மத்தூபாவுக்குப் போனார். மே 28 அன்று படை சூழ்ந்தது. அடிமையாகத் திரும்ப மாட்டோம் என்று வெடிமருந்துக்குத் தாங்களே தீ வைத்தார்கள். சுமார் 300 பேர் என்கிறார்கள். பெண்களும் அந்தப் போரில் இருந்தார்கள். சொலிட்யூட் என்ற பெண் கர்ப்பிணியாகப் பிடிபட்டார். பிள்ளை பிறக்கும்வரை காத்திருந்து தூக்கிலிட்டார்கள்.

ரிஷ்பான்ஸ் ஜெயித்தான். சில மாதங்களில் மஞ்சள் காய்ச்சலில் செத்தான். அவனை அந்தக் கோட்டைக்குள் புதைத்து, கோட்டைக்கே அவன் பெயரை வைத்தார்கள். அடிமைகளின் பேரப்பிள்ளைகள் தங்களை மீண்டும் அடிமையாக்கியவன் பெயரைச் சொல்லியே தலைமுறைகளாக அந்தக் கோட்டையைக் கடந்து போனார்கள். நம் ஊர்த் தெருப்பெயர்களை ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள். 1989-ல் அது டெல்கிரேஸ் கோட்டை ஆனது. 1998-ல் பாரிஸின் பாந்தியோனில் அவர் பெயரைப் பொறித்தார்கள்.

தமிழர்கள் வந்தது இதற்கெல்லாம் ஐம்பது வருஷம் கழித்து. வந்தவர்களைக் கறுப்பின மக்கள் கூலியைக் கெடுக்க வந்தவர்களாகப் பார்த்தார்கள். 'கூலி மலபா' என்பது அங்கே வசைச்சொல். ஒடுக்கப்பட்டவனை ஒடுக்கப்பட்டவன் மேல் ஏவிவிடும் வித்தை முதலாளிக்கு எந்தத் தீவிலும் தெரியும். அங்கேயே பிறந்த தமிழ்ப் பிள்ளைகளையும் பிரெஞ்சுக் குடிமக்களாக ஏற்கவில்லை. காபெஸ்தேர் ஊரில் 1863-ல் பிறந்த ஹென்றி சிதம்பரம் 1904-ல் வாக்காளர் பட்டியலில் அவர்கள் பெயரைச் சேர்க்கப் போராடினார். பாஸ்-தேரில் உட்கார்ந்திருந்த ஆளுநர் எதிர்த்தார். வழக்கு இழுத்தது. 1923-ல்தான் வாக்குரிமை உறுதியானது. பத்தொன்பது வருஷம்!

மொழி போய்விட்டது. தமிழ், பூசையில் பொருள் தெரியாமல் பாடும் பாட்டாக மட்டும் மிஞ்சியது. ஆனால் மாரியம்மன் 'மாலியெமின்' ஆக இருக்கிறாள், கிடா வெட்டு இருக்கிறது. மதுரை வீரன் 'மால்தேவிலின்' என்ற பெயரில் குதிரையோடு நிற்கிறான். சக்கிலியர் வீட்டில் வளர்ந்த வீரன் எந்த ஆகமத்தின் அனுமதியும் இல்லாமல் அட்லாண்டிக்கைத் தாண்டியிருக்கிறான். இங்கே சாவுக்கு அடி என்று நம் தலையில் கட்டி இழிவுபடுத்திய தப்பு, அந்தப் பிரெஞ்சுத் தீவுகளில் சாமி முன்னால் அடிக்கும் மரியாதைக்குரிய வாத்தியம். அடிப்பவனின் சாதியை அங்கே யாரும் கேட்பதில்லை. குழம்பு 'கொலோம்போ' ஆகி எல்லா இனத்தாரின் சாப்பாடாகிவிட்டது. (கொழும்பு ஊர்ப்பெயர்தான் என்று வாதிடுவோரும் உண்டு. எங்களுக்குக் குழம்புதான்.) கறுப்பினப் பெண்கள் விழாவுக்குத் தலையில் கட்டும் கட்டம் போட்ட துணியின் பெயர் 'மெட்ராஸ்'.

சாதி ஒரேயடியாகக் கரைந்துவிட்டது என்று சொல்ல மாட்டோம். கிடா வெட்டு அநாகரிகம், 'உயர்ந்த' இந்து முறைக்கு மாறுங்கள் என்ற குரல் அங்கேயும் கேட்கிறது. மாலியெமினைச் சைவமாக்கும் வேலை எங்கே போய் முடியும் என்று அங்கிருப்பவர்களைவிட நமக்கு நன்றாகத் தெரியும்.

திரமென்ஹீர் அறிக்கைக்குப் பலன், 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட அரசாணை. பஞ்சமருக்கு நிலம் கொடுத்தார்கள், பிற சாதியாருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு. தமிழ்நாடு முழுக்கச் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் சொல்லும் கணக்கு. பெரும்பகுதி கைமாறிவிட்டது. அதை மீட்கக் கேட்டதற்காக, 1994 அக்டோபரில் இதே செங்கல்பட்டுச் சீமையின் காரணையில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டார்கள். அவர்கள் பெயரில் பூந்தமல்லியில் ஒரு தெரு இருக்கிறதா?

டெல்கிரேஸ் கோட்டைக்குள் ரிஷ்பான்ஸின் கல்லறை இன்னும் இருக்கிறது. யாரும் அதைத் தோண்டி எறியவில்லை. வாசலில் எதிரியின் பெயர், உள்ளே அவன் சமாதி. அடுத்த கூட்டம் இந்த ஞாயிறு மாலை, வழக்கமான இடத்தில். பழைய பட்டா, அ-பதிவேட்டு நகல், தாத்தா காலத்துத் தீர்வை ரசீது எது இருந்தாலும் எடுத்து வாருங்கள்.